மில்லிங்ஃபர்டின் நான்காம் எண்

பொலேத் வீட்டு முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே, அவள் தம்பியின் புகைப்படம் பத்தொன்பது ஆண்டுகளாகத் தொங்கியது. நீலச் சட்டை, முழங்கால்வரை சேறு, இடுப்பில் கைகள். வியட்நாமில் துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய் சந்தில் அதைப் பார்க்காதவர் இல்லை. "எட்மோன் இங்கிலாந்தில் கால்பந்து ஆடுகிறான்" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை. மீதியைச் சந்தே சொல்லிக்கொண்டது. காப்பிக்கடைத் தொலைக்காட்சியில் பெரிய அணிகள் ஆடும்போது, "எங்கே உன் தம்பி?" என்று யாராவது கேட்பார்கள். "அவன் இன்னிக்கு வேற மைதானத்துல ஆடுறான்" என்பாள். அது பொய்யில்லை.

1976இல், பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த அப்பா, ஆறு வயது எட்மோனை அழைத்துக்கொண்டு பிரான்சுக்குப் போனார். பிறகு ஓர் ஓட்டல் சமையல்கூட வேலைக்காக இங்கிலாந்துக்கு. பதினெட்டு வயது பொலேத் துறைமுகத் தொழிலாளி ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். வீட்டில் பேசிய காரைக்கால் தமிழை இருவரும் தொலைபேசியில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். எட்மோனுக்கு வியட்நாம் மொழி மறந்துபோயிருந்தது.

2012 ஜூனில் அவன் பத்து நாள் விடுப்பில் வந்தான். காப்பிக்கடைக்கார ஹுங் உடனே ஓர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். எண்பதுகளில் அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். துறைமுக அணிக்குத் தலைவராகவும் இருந்தார். அந்த அணியின் பழைய ஆட்களோடு எட்மோன் சேர்ந்து, பூ மி ஹங்கில் வசிக்கும் வெளிநாட்டுக்காரர்களின் அணிக்கு எதிராக ஆடுவான். ஞாயிறு காலை, கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள மைதானம்.

சனி இரவு முழுக்க மழை. காலையில் சந்து முழுவதும் பிளாஸ்டிக் முக்காலிகளோடு வந்து கயிற்றோரம் உட்கார்ந்தபோது, இரண்டு கோல் முன்னாலும் தண்ணீர் நின்றது. நடுவர் ஒரு சுற்று நடந்துவிட்டு, ஒன்பது மணிக்குள் வடியாவிட்டால் ஆட்டம் இல்லை என்றார். பூ மி ஹங் அணி வேனை விட்டு இறங்கவில்லை. எட்மோனுக்கு மறுநாள் விமானம்.

எட்மோன் மைதானத்துக்குள் போய் அங்கங்கே குதிகாலால் அழுத்திப் பார்த்தான்.

"அக்கா, ரெண்டு தொடப்பம் வேணும். நீளமா, கூரா இரும்புக் கம்பி கெடைக்குமா?"

"எதுக்குடா?"

"குத்தி தண்ணிய எறக்கணும்."

"நீ போயி நெழல்ல உக்காரு. அதுக்கெல்லாம் ஆளு இருக்கு."

"எங்க ஊர்ல நாங்கதான் அந்த ஆளு."

கிடங்கிலிருந்து கம்பி வந்தது. அவன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கோல் முன்னால் வரிசையாகக் குத்தத் தொடங்கினான். பிறகு துடைப்பத்தால் தண்ணீரை வெளிக்கோட்டுக்குத் தள்ளினான். பக்கத்து வீட்டு மதார் பீவிக்கும் பூர்வீகம் காரைக்கால்தான். அவள் தமிழிலேயே கேட்டாள்:

"ஏன் பொலேத்து, ஒன் தம்பி ஆட வந்தாரா, கூட்ட வந்தாரா?"

பொலேத் கயிற்றைத் தாண்டித் தம்பியிடம் போனாள். தடுக்கத்தான் போனாள். ஆனால் ஹுங் அங்கே முந்திவிட்டார். வியட்நாம் மொழியில் கேட்டார்:

"தங்கச்சி, பெரிய அணியில ஆட்டக்காரங்களையே இதச் செய்யச் சொல்வாங்களா? எந்த அணிக்கு ஆடினார்னு கேளு."

அவள் கேட்டாள். எட்மோன் நிமிராமலே சொன்னான்.

"மில்லிங்ஃபர்ட் டவுன். லீக்ல மேலேர்ந்து ஏழாவது அடுக்கு. ரெண்டு வருசம் ஆறாவதுக்கு ஏறினோம், திரும்ப எறங்கிட்டோம். நடுக்களம், நாலாம் நம்பர், பதினாலு சீசன், நானூத்தி முப்பத்தொரு ஆட்டம். காலையில தபால் குடுக்கப் போவேன். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பயிற்சி, சனிக்கெழம ஆட்டம். மழை பேஞ்சா நாங்களே வந்து தண்ணி எறக்குவோம். இல்லன்னா ரெஃப்ரி வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அவர்ட்ட சொல்லேன்க்கா."

ஹுங் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். சந்து கயிற்றுக்கு அப்பால் இருந்தது. அவள் எந்த அணியின் பெயரைச் சொன்னாலும் நம்பப் போகிறார்கள். நாளை அவன் போய்விடுவான்.

"நானூத்தி முப்பத்தொண்ணா?" என்றாள் தம்பியிடம். "எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ எப்பக் கேட்ட?"

"வேலை முடிச்சிட்டுப் போயி ஒரு ஆட்டத்துக்குக்கூட நேரமாகலயா?"

"ஒரே ஒரு தடவ. கிறிஸ்துமஸ் தபாலு."

அவள் ஹுங்கிடம் திரும்பினாள். ஏழாவது அடுக்கு, தபால், செவ்வாய், வியாழன், எண்ணிக்கை, எதையும் விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. கடைசியில் கயிற்றோரம் இருந்தவர்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹுங் தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார்.

"நான் கிரேன விட்டு எறங்கி கிரீஸ் கையோட ஆடினவன்" என்றார். "ஜெயிச்சா ரெண்டு கிலோ அரிசி கூடக் குடுப்பாங்க. ஆனா எட்டு வருசம்தான். பதினாலு ஆடல."

அவர் இன்னொரு கம்பியை எடுத்துக்கொண்டு தன் ஆட்களைக் கூப்பிட்டார். தண்ணீரோடு வேலை செய்து பழகியவர்கள் ஒன்பது பேர் இறங்கினார்கள். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நடுவர் பந்தைக் கீழே போட்டார். அது எழும்பியது.

எட்மோன் வித்தை எதுவும் காட்டவில்லை. நடுவில் நின்றான், பந்தைப் பிடுங்கினான், பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான், மறுபடி வந்து நின்றான். பூ மி ஹங் அணி எந்த வழியாக வந்தாலும் அங்கே அவன் இருந்தான். துறைமுகம் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. இரண்டு கோலும் அவன் அடித்ததல்ல.

"அவரு பாட்டுக்கு நிக்கிறாரு, பந்து தானா வருது" என்றாள் மதார் பீவி.

"தானா வரல. பதினாலு வருசம்" என்றாள் பொலேத்.

மாலையில் ஹுங் கடைச் சுவருக்கு அந்தப் படத்தைக் கேட்டார். பொலேத் சட்டத்தைக் கழற்றினாள். படத்தின் வலப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் பின்னால் மடிந்திருந்தது. சட்டம் போட்ட நாளில் அவளே மடித்தது. பிரித்து, நகத்தால் நீவிக் கொடுத்தாள். கோல் கம்பத்தில் சாய்ந்து ஒரு சிவப்புப் பை இருந்தது.

"இது யாரோட பை?" என்றார் ஹுங்.

"அவனோடதுதான், தபால் பை. அன்னிக்கு அறுநூறு வீட்டுக்குத் தபால் குடுத்துட்டு வந்து ஆடினான். படத்த நல்லா மேல மாட்டுங்கண்ணே, பை தெரியட்டும்."