சுவரில் ஏறிய கோடு

மழை நாட்களில் அந்தச் சலூனுக்கு முடி வெட்டிக்கொள்ள யாரும் வருவதில்லை. பொய் சொல்ல வருவார்கள். அன்று காலையும் பெஞ்சு நிறைந்திருந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தன் காலத்து ஆலங்கட்டி மழையை எடுத்துவிட்டார். எலுமிச்சம்பழ அளவில் விழத் தொடங்கிய கட்டிகள், அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தேங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டன. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியன், தான் பார்த்த சூறைக்காற்று ஒரு எருமையைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்ததாகவும், அது அங்கேயே கன்று போட்டதாகவும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. அடுத்தவர் மழையில் கை வைத்தால் நம் மழையிலும் கை வைப்பார்கள் என்பது அங்கே எழுதாத சட்டம்.

கடைசி வார்த்தை எப்போதும் சலூன்காரருடையது. அவர் பேசக்கூட மாட்டார்; கத்தியைச் சுவரை நோக்கி நீட்டுவார். கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு ஆளின் கழுத்து உயரத்தில், சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. பெருவெள்ளத்தன்று கடைக்குள் தண்ணீர் அவ்வளவு நின்றதாம். அதில் நின்றபடியே ஒரு மாப்பிள்ளைக்கு ஷேவிங் முடித்து அனுப்பினாராம். ஊரே அவரைக் ‘கழுத்தளவு’ என்றுதான் கூப்பிட்டது. வெளியூர்க்காரர்கள் கோட்டோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கடைக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்தக் கோடு ஒரு சாண் மேலே ஏறியது. இன்னும் ரெண்டு தடவை வெள்ளையடித்தால் தண்ணீர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று அவர் மனைவி கிண்டல் செய்வாள். பெஞ்சுக்காரர்களும் கவனிக்காமல் இல்லை. ஆனால் அவர்களுடைய ஆலங்கட்டியும் வளர்ந்துகொண்டுதானே இருந்தது!

மத்தியானத்துக்குள் மழை பேச்சை அமுக்கிவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று, தாழ்வான தெருக்காரர்கள் உடனே மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி கத்திக்கொண்டே போனது. பெஞ்சு கலைந்தது. எலக்ட்ரீஷியன் பாதித் தாடியோடு தெரு மின்சாரத்தை நிறுத்த ஓடினார்.

சலூன்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷட்டரை இறக்கினார், ஏற்றினார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். தண்ணீர் வாசல் தாண்டி வந்து கணுக்காலைத் தொட்டது. அவர் கோட்டைப் பார்க்கவில்லை; கடையின் பின்கதவையே பார்த்தார்.

பின்னால் படியிறங்கிப் போனால் ஒரு பள்ளமான அறை. அதில் ஒரு டெய்லர் மனைவியோடு போன வருஷம்தான் குடிவந்திருந்தார். மனைவிக்குக் காலில் மாவுக்கட்டு. வாசலில் அடுக்கிய மண் மூட்டைகள்தான் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருந்தன. சலூன்காரர் போய், கிளம்பிவிடச் சொன்னார். இது வேற மாதிரி மழை, காற்றே சரியில்லை என்று என்னென்னவோ சொன்னார்.

டெய்லர் தையல் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டே சிரித்தார். "என்னண்ணே, நீங்களே பயப்படறீங்க. உங்க கோட்டுல கால்வாசிகூட வரல. கழுத்தளவு வந்தே இந்தத் தெருவுல எல்லாரும் பொழச்சாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. இவளத் தூக்கிக்கிட்டு நான் எங்க போய் அலையறது?"

மனைவி சிரிக்கவில்லை. மூட்டைக்கடியில் கசிந்து வந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து கேட்டாள்.

"அண்ணா, நிஜமாவே அன்னைக்குக் கழுத்து வரைக்கும் வந்துச்சா?"

எத்தனையோ வருஷமாக ஆமாம் என்று சொல்லிப் பழகிய வாய் அது. இந்தத் தடவை அதை நம்பாமல், சலூன்காரர் டெய்லரின் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துப் போனார். சவரக்கத்தியை எடுத்துக் கோட்டுக்குக் கீழே சுவரைச் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது. அடியில் இன்னொரு சிவப்புக் கோடு. அதற்கும் கீழே இன்னொன்று, மார்பளவில். அப்புறம் வயிற்றளவில். மனுஷர் குனிந்தார், கடைசியில் தண்ணீரிலேயே மண்டியிட்டார். முட்டி உயரத்தில் பெயிண்டே இல்லை. பழுப்பாக ஒரு சேற்றுக் கறை மட்டும் இருந்தது.

"இதுதான் தம்பி, நெஜக் கோடு. இங்க முட்டி வரைக்கும் வந்ததுக்கே உங்க ரூம் கூரை வரைக்கும் ரொம்பிப்போச்சு. அன்னைக்கு அதுல ஆள் இல்ல. அதனாலதான் எல்லாரும் பொழச்சாங்க."

டெய்லர் கறையைப் பார்த்தார். தன் காலைச் சுற்றி ஏறும் தண்ணீரைப் பார்த்தார். திட்டக்கூட நேரமில்லாமல் ஓடினார்.

பொய் சொல்ல உட்காரும் பெஞ்சு அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. அதில் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்து இருவரும் தூக்கினார்கள். தெருமுனையில் பாதித் தாடி ஒன்று தண்ணீரை உழப்பிக்கொண்டு வந்து மூன்றாவது தோள் கொடுத்தது. அவர்கள் பள்ளிக்கூட மேட்டில் ஏறும்போது பின்னால் மண் மூட்டைகள் சரியும் சத்தம் கேட்டது. வெள்ளம் வடிந்தபின் பார்த்தால், அந்த அறையின் மின்விசிறி இறக்கையில் டெய்லரின் அளவு நாடா சுற்றிக் கிடந்தது.

இந்த முறை தண்ணீர் பழைய கறையைத் தாண்டி நாலு விரல் ஏறியிருந்தது. அங்கேயே புதுக் கோடு போட்டார்கள். பிரஷ்ஷைக் கணவரிடம் கொடுக்காமல் சலூன்காரரின் மனைவியே போட்டாள். டெய்லர் பக்கத்தில் நின்று நாடா பிடித்து உயரத்தைச் சரிபார்த்தார்.

பெஞ்சு மறுபடி நிறைந்தபோது டிரைவருக்கு மனசு ஆறவில்லை. முட்டியளவுக் கோட்டை யார் வந்து பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள் என்று அலுத்துக்கொண்டார்.

சலூன்காரர் எலக்ட்ரீஷியனின் மிச்சத் தாடிக்குச் சோப்பு போட்டபடி சொன்னார்: "போட்டோ எடுக்க வேண்டாம். பாத்ததும் எந்திரிச்சு ஓடினாப் போதும். எருமைய எந்த மாடியில வேணும்னாலும் ஏத்திக்குங்க, நானும் கேட்டுக்கறேன். ஆனா ஆபத்தோட அளவுல மட்டும் கை வைக்காதீங்க. நாம பட்டதப் பெருசாக்கிப் பெருசாக்கிச் சொன்னா, அடுத்தவனுக்கு வர்ற ஆபத்து அவன் கண்ணுக்குச் சின்னதாயிடும். கழுத்து வரைக்கும் வந்திருந்தா, கதை சொல்ல நான் ஏது?"