இறங்காத விரல்

டாக்டர் வேணுவைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், அவருடைய சட்டை எப்போதும் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதற்கு மேல் எவ்வளவு யோசித்தாலும் எனக்கு எதுவும் அகப்படவில்லை.

1983-ல் மெட்ராஸிலிருந்து ஒரு அம்பாசடர் காரில் வந்து இறங்கினார். சிலருக்குக் காதுக்குள்ளே ஓயாமல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்குமே, அந்த வியாதியில் ஆராய்ச்சியாம். அது எதனால் வருகிறது, எவ்வளவு சத்தம் என்று எப்படி அளப்பது, எதைக் கொடுத்தால் அடங்கும், எல்லாவற்றையும் ஆறு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவாராம். எங்கள் ஊரான திருவண்ணாமலையை ஏன் பிடித்தார் என்றால், இங்கிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மில்கள் இருந்தன. அந்த மெஷின் பக்கத்தில் பத்து வருஷம் நின்றவனுக்குக் காது நன்றாக இருந்தால்தான் அதிசயம். இதைச் சொல்ல ஒரு டாக்டர் காரில் வர வேண்டியதே இல்லை. மில் வாசலில் டீ ஆற்றுகிறவரைக் கேட்டிருந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லியிருப்பார்.

நான் சரசு. பி.யு.சி. முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டையை நாலு வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவள். வருகிற ஆட்களிடம் பேசி, படிவம் நிரப்பி, சோதனைக்கு உட்கார வைக்க டாக்டருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒழுங்காக வேலை செய்தால் கடைசியில் ஒரு சிபாரிசுக் கடிதம் தருகிறேன், அதை வைத்து நிரந்தர வேலை வாங்கிக்கொள்ளலாம் என்றார். அந்த ஒரு கடிதத்துக்காக அவர் சொன்னதற்கெல்லாம் மண்டையை ஆட்டினேன். இதில் நான் யாரை ஏசினாலும் அந்த மண்டையையும் சேர்த்துத்தான் ஏசுகிறேன்.

சோதனைக்குச் சத்தமில்லாத அறை வேண்டும் என்றார். எங்கள் ஊரில் அதற்கு எங்கே போவது? கோயில் மணி, மாட வீதி ஒலிபெருக்கி, பஸ் ஹாரன். நாலு நாள் அலைந்த பிறகு செங்கம் ரோட்டில் ஒரு விடுதியின் தியான அறை கிடைத்தது. எட்டுப் படி இறங்கிப் போக வேண்டும், சுவரெல்லாம் கம்பளம் அடித்திருந்தது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு உட்கார வந்தவர்களை மேலே அனுப்பிவிட்டு, காதைச் சோதிக்கிற தன் ஆடியோமீட்டரை டாக்டர் இறக்கினார். அவர்களும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து தியானம் செய்தார்கள்.

வந்தவருக்குக் காதில் ஹெட்போன் மாட்டுவோம். மெஷினிலிருந்து பீப் என்று சத்தம் வரும், பெரிதாக ஆரம்பித்துப் போகப்போகச் சின்னதாகும். “சத்தம் கேட்டா வலது கை விரலத் தூக்குங்க, நின்னுபோச்சுன்னா எறக்கிடுங்க.” இதைச் சொல்வது என் வேலை. இருநூறு பேருக்குச் சொல்லியிருப்பேன்.

அது முடிந்ததும் அவரவர் காதுக்குள் கேட்கிற சத்தத்தை அளப்பார். மெஷினில் ஒவ்வொரு சத்தமாக வைத்து, உன் சத்தம் இது மாதிரியா, அது மாதிரியா என்று கேட்பார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அத்தனை முள்ளும் திருகும் விளக்கும் வைத்த மெஷின் கடைசியில் எதை அளக்கிறது? “ஆமா சார், அது மாதிரிதான்” என்று அந்த ஆள் சொல்கிற வார்த்தையை. அடுத்தவர் காதுக்குக் கேட்கவே கேட்காத சத்தம் அது. அவன் உண்டு என்றால் உண்டு. ஆனால் டாக்டருக்கு மனுஷன் வாயிலிருந்து வருவதில் மட்டும் நம்பிக்கை கிடையாது. முள் நகர்ந்தால்தான் நம்புவார்.

வைத்தியத்துக்கு என்று வெளிநாட்டிலிருந்து ஆறு கருவிகள் கொண்டுவந்திருந்தார். மொச்சைக்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. காதுக்குப் பின்னால் மாட்டினால் மழை தூறுகிற மாதிரி மெல்ல ஓர் இரைச்சல் கொடுக்கும். உள்ளே கேட்கிற சத்தத்தை வெளியே இருந்து ஒரு சத்தத்தால் மூடுவதுதான் வைத்தியம். வியாதி ஜாஸ்தியாக இருக்கிற ஆறு பேருக்கு அது இலவசம் என்று ஊருக்குள் செய்தி பரவியது. அவ்வளவுதான், அதுவரை காது தேமே என்று இருந்தவனுக்கெல்லாம் உள்ளே வண்டு கத்த ஆரம்பித்துவிட்டது.

நாலாவது வாரம் கண்ணாயிரம் வந்தார். பலராமன் மில்லில் பத்தொன்பது வருஷம் மெஷினுக்கு மல்லாட்டை கொட்டியவர். கூட அவர் மனைவி ஆராயி. படிவத்தில் இருந்த கேள்விகளை நான் கேட்கக் கேட்க அந்தம்மாதான் பதில் சொன்னாள். ரெண்டு வருஷமாகச் சரியான தூக்கம் இல்லை. சுவரில் தலையை முட்டிக்கொள்கிறார். இப்போது கொஞ்ச நாளாக வீட்டுப் பின்னால் கிணற்றங்கரையில் போய் நின்றுகொள்கிறார். அதனால் கிணற்று வாயில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறேன் என்றாள். படிவத்தில் முள்ளுக்குக் கட்டம் இல்லை. ‘தூக்கக் குறைவு’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன்.

கண்ணாயிரத்தை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். டாக்டர் பொத்தானை அழுத்தினார். விரல் மேலே போனது. டாக்டர் சத்தத்தைக் குறைத்தார். விரல் மேலேயே இருந்தது. இன்னும் குறைத்தார், அப்படியே இருந்தது. கடைசியில் மெஷினையே நிறுத்திவிட்டுப் பார்த்தார். விரல் கம்பம் மாதிரி நிற்கிறது, கண்ணாயிரத்துக்கு வியர்த்து ஊற்றுகிறது.

புரியவில்லை போலிருக்கிறது, திரும்பச் சொல் என்றார். சொன்னேன். திரும்ப அதேதான். மூன்றாவது தரமும் அதேதான். டாக்டர் படிவத்தைப் பிடுங்கி ‘நம்பத்தகாதவர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

“நடிக்கிறான். ஓசில மெஷின் கெடைக்கும்னு வந்திருக்கான். இவன அனுப்பிட்டு அடுத்த ஆளக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்க மேலே போய்விட்டார்.

நான் ஹெட்போனைக் கழற்றினேன். கண்ணாயிரம் அப்போதும் கையை இறக்கவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

“நின்னா எறக்கச் சொன்னீங்க மா,” என்றார். “அது நிக்கவே இல்லயே. நான் எப்டி எறக்கறது?”

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. காதுக்குள் ஓயாமல் சத்தம் கேட்கிற ஆளைத் தேடி மெட்ராஸிலிருந்து ஒருத்தர் வந்திருக்கிறார். அந்த ஆள் எதிரே உட்கார்ந்து, சொன்ன சொல் தவறாமல் விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். மற்றவர்களெல்லாம் பீப் சத்தம் மட்டும்தான் கணக்கு என்று தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். இவர் கேட்டதை ஒளிக்காமல் காட்டினார்.

எட்டே எட்டுப் படி. ஏறிப் போய் டாக்டரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். பீப்பை விட்டுவிட்டு இவருடைய சத்தத்தை முதலில் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை. ஆனால் போன வாரம் இடது காது, வலது காது என்று அவர் மாற்றி எழுதியதைச் சுட்டிக்காட்டினதற்கு என்னை ரெண்டு நாள் வெளியே நிற்க வைத்திருந்தார். கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. சரி, போய்ட்டு வாங்கண்ணா என்று கண்ணாயிரத்திடம் சொன்னேன். தூ, என்ன ஒரு பிழைப்பு.

மேலே வராந்தாவில் ஒரு வெள்ளை வேட்டிக்காரர் அவரை மறித்தார். உள்ளுக்குள் கேட்பது நாதம், பெரியவர்கள் வருஷக்கணக்கில் தவம் செய்தும் கேட்காதது, நீங்கள் கொடுத்துவைத்தவர் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நீங்க எடுத்துக்குங்க சாமி,” என்றார் கண்ணாயிரம். “எனக்குத் தூக்கம் வந்தா போதும்.”

மறுநாள் யார் வந்தது தெரியுமா? மில் முதலாளி பலராமன். மெஷின் ஓடுகிற கொட்டகைப் பக்கம் அவர் எட்டிப் பார்ப்பதே ஆயுத பூஜை அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் ஆபீஸ் ரூமில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர். அவருக்கும் காதில் சத்தமாம். பீப் வந்தால் விரல் போகும், பீப் நின்றால் விரல் இறங்கும். என்ன அழகு! உங்கள் சத்தம் இது மாதிரியா என்று டாக்டர் கேட்டதும், அச்சு அசல் இதேதான் சார் என்று கண்ணை வேறு துடைத்துக்கொண்டார். இப்படி ஒத்துழைக்கிற நோயாளியை நான் பார்த்ததே இல்லை என்று டாக்டருக்குப் பூரிப்பு. கருவி கிடைத்த ஆறு பேரில் முதல் பெயர் பலராமன்.

முகாம் முடிந்தது. எனக்குக் கடிதம் கிடைத்தது. அதைக் காட்டி ஒரு தனியார் பள்ளியில் எழுத்தர் வேலையில் சேர்ந்தேன். நாற்காலி, மேஜை, மேலே ஒரு ஃபேன். நானும் ஃபேனுக்குக் கீழே உட்காருகிற சாதியாகிவிட்டேன்.

மூன்று மாசம் கழித்து ஆராயி பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தாள். திட்டுவதற்கு வரவில்லை, அது இன்னும் கேவலமாக இருந்தது. கிணற்று முள்ளை அவர் பாதி விலக்கிவிட்டாராம். கையெல்லாம் கீறல். பகலில் அவள் கூலிக்குப் போகாமல் வீட்டிலேயே காவல் இருக்கிறாள். அந்த மெஷின் ஒரே ஒரு நாள் கிடைக்குமா, போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்றாள்.

நான் அன்றைக்கே பலராமன் வீட்டுக்குப் போனேன். கருவி மேஜை டிராயரில், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைச் சின்ன ரேடியோ என்று நினைத்துத்தான் மனுஷன் அத்தனை கண்ணீர் விட்டிருக்கிறார். “பாட்டே வரலம்மா, உஸ்ஸுனு எரையுது, அவ்ளோதான். எடுத்துட்டுப் போ” என்று தூக்கிப் போட்டார்.

கண்ணாயிரத்தின் காதில் நானே மாட்டினேன். மறுபடி அதே வாக்கியத்தைச் சொன்னேன். ஆனால் இந்தத் தரம், உங்க சத்தத்தைச் சொல்றேன் அண்ணா, அது கேட்கிற வரைக்கும் தூக்கி இருங்க என்றேன். விரல் மேலே போனது. கருவியில் இருந்த சின்னத் திருகை மெல்லத் திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். விரல் லேசாக மடங்கியது, பிறகு மெதுவாக இறங்கி முழங்கால் மேல் உட்கார்ந்தது. கண்ணாயிரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் சாய்ந்தபடி, நட்ட நடுப்பகலில், எங்கள் எதிரிலேயே தூங்கிப்போனார். ஆராயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பதினோரு நாள். ஆராயி முள்ளையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். பன்னிரண்டாம் நாள் பேட்டரி தீர்ந்துபோயிற்று. சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி. எங்கள் ஊர்க் கடைகளில் யாரும் பார்த்ததே இல்லை, வேலூரிலும் கிடைக்கவில்லை. டாக்டர் கருவியோடு கொண்டுவந்ததுதான்.

அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. வேலை உறுதியான பிறகு யாருக்குத்தான் வராது? நடந்ததையெல்லாம் எழுதி டாக்டருக்குத் தபாலில் போட்டேன். அந்த ஆள் விரலை ஏன் இறக்கவில்லை, எனக்கு அன்றைக்கே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, இப்போது பேட்டரி எவ்வளவு அவசரம், எல்லாம் எழுதினேன்.

நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. ஆய்வில் சேர்க்கப்படாதவர்களுக்குப் பேட்டரி தருவதற்கு வழியில்லை, பட்டியலை இனித் திருத்த முடியாது, ஆய்வறிக்கை அச்சாகிவிட்டது. அதில் ஒரு பிரதியும் வைத்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சோதித்ததில், கடுமையான பாதிப்பு உள்ளவர் எவரும் காணப்படவில்லை என்று போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி. என் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆராயி முள்ளை மறுபடி கிணற்றின் மேல் இழுத்துப் போட்டாள். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது, காய்ந்து போனால் புதிதாக வெட்டிப் போடுகிறாள்.

நாலு வருஷம் ஆகிவிட்டது. கண்ணாயிரத்துக்கு இப்போது வெளிச் சத்தம் எதுவும் கேட்பதில்லை. பஸ் ஹாரன் கேட்காது, கோயில் மணி கேட்காது, ஆராயி கத்தினாலும் கேட்காது. உள்ளே இருக்கிற அது ஒன்று மட்டும்தான். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சில நாள் பஸ் ஸ்டாண்டில் எதிரே நிற்பார். என்னைப் பார்த்ததும் வலது கை விரலைத் தூக்கிக் காட்டுவார். முகத்தில் கோபம் கீபம் எதுவும் இருக்காது. சத்தம் கேட்டால் தூக்கச் சொன்னேன், தூக்குகிறார். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அது கிளம்பித் திரும்புகிற வரைக்கும் பார்ப்பேன். அந்த விரல் இறங்கியிருக்காது.