மாப்பிள்ளை ஆமை

ஆமைக் காப்பகத்தின் டாக்டர், தன் பெரியப்பாவின் சலவைக்கடைக்குத் திரைச்சீலை கொடுக்கத்தான் போயிருந்தாள். பின்கட்டில் கை கழுவப் போனவள் சிமெண்டுத் தொட்டி முன்னால் நின்றுவிட்டாள். தொட்டிக்குள் கிடந்த ஆமையைச் சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். பெரியம்மா வளர்த்தது, பெயர் மாப்பிள்ளை. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வேளாவேளைக்குத் தின்றுவிட்டுச் சும்மா கிடப்பதால் வைத்த பெயர். ஆனால் அதன் முன்கால் நகங்களை அன்றுதான் எண்ணிப் பார்த்தாள். நான்கு. மூக்கு மேல்நோக்கி வளைந்திருந்தது.

நான்கு நகமும் வளைந்த மூக்கும் கொண்ட அந்த அரிய வகை ஆற்று ஆமையில் காப்பகத்தில் மிஞ்சியிருந்தவை இரண்டே பெண்கள். வருடம் தவறாமல் முட்டையிட்டன, எல்லாம் கூமுட்டை. ஆற்றிலோ மணல் அள்ளி அள்ளி முட்டையிடும் திட்டே இல்லாமல் போயிருந்தது. ஆண் ஒன்று கிடைக்காதா என்று அவள் அலையாத இடமில்லை.

இது சிறிய உடம்பு. அந்த வகையில் ஆண்தான் சிறியது, வாலும் பருமனாக இருக்கும். வாலைத் தூக்கிப் பார்த்தாள். பருமன்தான் என்று தோன்றியது.

இஸ்திரி மேசைக்கு வந்தவள் எடுத்த எடுப்பில் சொன்னாள்: "பெரியப்பா, இதை வீட்ல வெச்சிருக்கிறது சட்டப்படி குத்தம்."

பெரியப்பா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "உங்க பெரியம்மா போனப்புறம் இந்த வீட்ல நான் பேசுறதைக் கேட்கிற ஒரே ஆள் அவன்தான். கேட்டா குடுப்பேன். சட்டத்தைக் காட்டினா, போய் ஆளோட வா."

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. திரைச்சீலையை வைத்துவிட்டு வந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடி போய், அந்த இரண்டு பெண் ஆமைகளைப் பற்றியும் கூமுட்டைகளைப் பற்றியும் பொறுமையாகச் சொன்னாள். கடைசியில், "குடுங்க பெரியப்பா" என்றாள்.

பெரியப்பா பின்கட்டுக்குப் போனார். துவைத்த துண்டு ஒன்றை நனைத்து, ஆமையைச் சுற்றி, அவரே காரில் கொண்டுவந்து வைத்தார்.

காப்பகத்துத் தொட்டியில் அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. கீரையைத் தொடவில்லை. வேறு வழியில்லாமல் பெரியப்பாவை அழைத்தாள். அவர் வந்து தொட்டி விளிம்பில் குந்தி, எந்த வாடிக்கையாளர் எந்தச் சட்டையில் கறையோடு வந்தார் என்ற ஊர்வம்பையெல்லாம் அதனிடம் சொன்னார். பாதிக் கதையில் ஆமை கழுத்தை நீட்டிக் கீரையைக் கவ்வியது. காப்பாளர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

உடம்பு தேறியதும், பெண்களோடு விடுவதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ள மயக்கமருந்து கொடுத்து, சிறு துளை வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்த்தாள். திரையில் தெரிந்தவை சின்னஞ்சிறு கருமுட்டைகள், கொத்தாக. உதவியாளர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் துளையைத் தைத்து முடித்துக் கையுறையைக் கழற்றினாள். தொட்டிக்குள்ளேயே கிடந்ததில் வளர்ச்சி குன்றிய பெண் அது. வால் பருமன் என்பது அவள் ஆசைக்குத் தெரிந்த பருமன்.

பெரியப்பாவிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போனாள். ஆமையைத் திருப்பிக் கேட்பார். சட்டம் இடம் கொடுக்காது. என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

"பொண்ணா?" என்றார் அவர். "இத்தனை வருஷமா ஒரு பொண்ணைப் பிடிச்சா மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு கொஞ்சினோம்?" சிரிக்கத் தொடங்கியவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "உங்க பெரியம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா என்னை ஒரு வழி பண்ணியிருப்பா. பேரு வெச்சது நான்தானே."

"தப்பு என்மேலதான் பெரியப்பா. சரியாப் பார்க்காம தூக்கிட்டு வந்துட்டேன்."

"அங்க நீந்த இடம் இருக்குல்ல?"

"குளமே இருக்கு."

"இனிமே வளருமா?"

"வளரும். மெதுவா."

"அப்ப அங்கேயே இருக்கட்டும்." இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தார். "உன் பாடுதான் திண்டாட்டம். இப்ப மூணு பொண்ணுக்கு வரன் பார்க்கணும்."

அந்த வாரமே மூன்றாவது ஆமை குளத்தில் இறங்கியது. முதல்நாள் கரையை ஒட்டியே தொட்டியின் அளவுக்குச் சுற்றிச் சுற்றி நீந்தியது. பிறகு ஒரு காலையில் நடுக்குளத்தில் அதன் மூக்கு தெரிந்தது. டாக்டர் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, கழிமுகத்து மீனவர் ஒருவர் வலையில் ஏதோ ஆமை சிக்கியதாகச் சொன்ன இடத்துக்கு வண்டியை எடுக்கச் சொன்னாள்.