பஸ்ரியன் தந்த சிப்பி

பேசாலையில் றெபேக்கா வீட்டுக்குப் போனால், களிமண் கையோடுதான் வந்து கதவைத் திறப்பாள். அவள் புருசன் பஸ்ரியன் வலை போட்டுவைத்த அறைதான் இப்போது பட்டறை. ஒரு மேசை, ஒரு கதிரை, மூலையில் சின்னதாய் ஒரு கரண்ட் சூளை. என்னதான் மண் குழைத்தாலும் அந்த அறையில் இன்னும் வலைதான் மணக்கும். அது போய்விடுமே என்று ஜன்னலைக்கூட அவள் முழுசாகத் திறப்பதில்லை.

பெருக்கமரத்து இலை, கடற்பாசி, சிப்பி என்று அகப்பட்டதை எல்லாம் ஈரமண் தட்டில் அழுத்துவாள், பிறகு எடுத்துவிடுவாள். அச்சு மட்டும் நிற்கும், அதைச் சுடுவாள். முன்பெல்லாம் இவற்றைக் கொண்டுவந்தது பஸ்ரியன். மீனைக் கரையில் விட்டுவிட்டு, வலையில் சிக்கிய குப்பையைச் சாரத்தில் முடிந்துகொண்டு வீட்டுக்கு ஓடிவந்த மனுசனை ஊரில் வேறு யார் கண்டார்கள்? நெஞ்சுவலியில் அவர் போய் இரண்டு வருசம். இப்போது அவளே கரைக்குப் போய்ப் பொறுக்குகிறாள். சிப்பிக்குப் பஞ்சமில்லை, மேசையில் கொட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆளில்லை.

கல்யாணம் பேசிய புதிதில், தலைமன்னார் இறங்குதுறையில் வைத்து அவர் அவள் கையில் ஒரு விசிறிச் சிப்பியைக் கொடுத்தார். ஓரத்தில் ஒரு பல் உடைந்த சிப்பி. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மத்தியான வெயிலில் அவளுக்காக நின்றிருக்கிறார், அது கொதித்துப் போயிருந்தது. "சுடுது" என்று அவள் கையை உதற, மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். அதுதான் அவர்களுடைய காதல், வேறொன்றுமில்லை. சிப்பி அன்றிலிருந்து அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் இருந்தது.

இப்போது ஒரே மகள் டினோஜா கனடாவில் இருக்கும் புருசனிடம் போகிறாள். அப்பாவின் சிப்பியைத் தரச்சொல்லிக் கேட்டாள். கொடுக்கவும் றெபேக்காவுக்கு மனமில்லை, பிள்ளைக்கு இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு கிழமை நித்திரையில்லாமல் புரண்டுவிட்டு ஒரு தட்டுச் செய்தாள். நடுவில் சிப்பியை, வரிப்பக்கம் கீழே இருக்க, அழுத்தினாள். இந்த முறை எடுக்கவில்லை. அவர் தந்ததும் தான் செய்ததும் ஒன்றாய்ப் போகட்டும் என்று அப்படியே சூளையில் வைத்தாள்.

அட, விசரி! சின்ன வயதில் பக்கத்து வளவுச் சிங்கராசா வெற்றிலைக்குச் சிப்பிச் சுண்ணாம்பு சுட்டதை வேலியால் எட்டிப் பார்த்தவள்தானே? சிப்பியைச் சுட்டால் என்னவாகும் என்று பேசாலையில் பாலர் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

பயணத்தன்று காலை சூளையைத் திறந்தாள். சிப்பி முழுசாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. மாதாவே என்று நெஞ்சில் கை வைத்துவிட்டு, தூசு போக ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் சிப்பி ஈரம் பட்டுச் சூடேறிச் சீறியது, வெடித்தது, கண்ணெதிரே பொருமி மாவாகிப் போனது.

வாசலில் விமான நிலையத்துக்குப் போகிற வான் வந்து நின்றது. அம்மாவைத் தேடி வந்த டினோஜா, கதிரையில் அழுதுகொண்டிருந்தவளைத்தான் கண்டாள்.

"அப்பான்ர சிப்பியைச் சுண்ணாம்பாக்கிப் போட்டன் பிள்ளை."

டினோஜா தட்டைத் தூக்கி, மாவைப் பக்குவமாய், மண் கழுவும் பேசினுக்குள் சாய்த்தாள். அடியில் மண்ணில் சிப்பியின் வரிகள் ஒன்றுவிடாமல் பதிந்திருந்தன. ஓரத்தில் அந்த உடைந்த பல்லும் இருந்தது. தட்டின் அடியில் கொடுத்திருந்த கையை அவள் சட்டென்று மாற்றினாள்.

"அம்மா, சுடுது."

றெபேக்காவின் அழுகை நின்றது. எழுந்து தட்டை வாங்கி, நடுவில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்தினாள். நல்ல சூடு. இந்த முறை அவள் கையை உதறவில்லை. வெளியே வான்காரன் கோன் அடித்தான், டினோஜா கடிகாரத்தைப் பார்த்தாள். சூடு ஆறும்வரைக்கும் றெபேக்கா தட்டைக் கொடுக்கவில்லை.