துண்டுச் சீட்டு ஸ்பானிஷ்

"ஸ்பானிஷ்ல எந்த வார்த்தையக் கலைச்சுப் போட்டாலும் சரி, பேப்பரத் தொடாம, பேனாவத் தொறக்காம, மண்டைக்குள்ளயே நேராக்கிடுவேன். இந்தியாவுலயே இதச் செய்யறவன் நான் ஒருத்தன்தான். வேற எவனாவது இருந்தா இந்நேரம் எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

கல்லூரி கேன்டீனில் இதைச் சொன்னபோது சிலம்பரசன் சிரிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த நானும் சிரிக்கவில்லை. அவன் வாங்கித் தந்த போண்டா என் வாயில் இருந்தது.

சிதம்பரத்தில் எங்கள் கல்லூரிக்கு ஸ்பானிஷ் வந்த கதை எளிது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒரு வெளிநாட்டு மொழி படித்தே ஆக வேண்டும் என்று முடிவானது. மொழி தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. சிவில் துறையில் வகுப்பு குறைவாக இருந்த ஸ்ரீதர் சார் கிடைத்தார். அவர் எங்களைவிட ஒரு பாடம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் நாங்கள் எட்டிப் பிடித்துவிட்டோம். நாங்கள் பேசினால் அது சரியா தப்பா என்று சொல்ல அவரால் முடியாது. அதனால் முந்நூறு வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, வாரா வாரம் அவற்றின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, ஒழுங்காக அடுக்கச் சொல்வார். விடைத்தாள் அவரிடம் இருந்தது. உச்சரிப்பு யாரிடமும் இல்லை. நாற்பத்தெட்டுப் பேர் வாயைத் திறக்காமல் ஒரு மொழியைக் கற்றுக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு சென்னைக் கம்பெனி, ஸ்பெயினிலிருந்து வரும் படிவங்களைச் சரிபார்க்க எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு ஆளை எடுப்பதாகச் சொன்னது. தேர்வு கடலூரில், செம்மண்டலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். கலைந்த வார்த்தைகள் முப்பது, நேரம் முப்பது நிமிடம். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திரையில் வரும்.

ஒரே ஒரு ஆள் என்றதும் வகுப்பில் இரண்டு பேர் எதிரிகள் ஆனார்கள். ஒருவன் சிலம்பரசன். இன்னொருத்தி ஜெயராணி.

ஜெயராணி பழைய நோட்டு அட்டையை நகம் அளவுக்கு வெட்டி, துண்டுக்கு ஓர் எழுத்தாக எழுதி, ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். வார்த்தை வந்ததும் வேண்டிய துண்டுகளைப் பொறுக்கி மேசையில் பரப்பி, ஒற்றை விரலால் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருப்பாள். சிலம்பரசனுக்கு அதைப் பார்த்தாலே உடம்பு எரியும். அன்றைக்குப் போண்டா தட்டோடு எழுந்து அவள் மேசைக்குப் போனான்.

"என்னா ஜெயராணி, அரிசில கல்லு பொறுக்கறியா?"

"நகரு. வெளிச்சத்த மறைக்கற."

"எல்கேஜி புள்ளைங்கதான் அட்டை வச்சு வெளயாடும். மூளை இருக்கறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?"

"மூளை இருக்கறவன் வாய மூடிகிட்டு இருப்பான். ஒனக்கு ரெண்டுல எது இல்லன்னு காலேஜுக்கே தெரியும்."

சிலம்பரசன் திரும்பி நடந்தான். சுவர் ஓரம் போய், ஃபேன் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தான்.

துண்டுகள் எழும்பிப் பறந்தன. கேன்டீன் முழுக்க ஸ்பானிஷ் எழுத்துகள். தலைக்கு மேல் சுழி போட்ட அந்த Ñ மட்டும் ஒரு முதலாண்டுப் பையனின் சாம்பாரில் இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், போண்டா அவன் வாங்கித் தந்தது.

ஜெயராணி மேசைகளுக்கு அடியில் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். சாம்பாரில் விழுந்ததைக் கழுவி, துப்பட்டாவில் ஒற்றி, டப்பாவில் வைத்து மூடினாள். பிறகு நேராக அவன் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு வேல வேணும்டா. ஒனக்கு வேடிக்க பாக்க நாலு பேரு வேணும். அந்த நாலு பேருல ஒருத்தன் இங்கயே ஓசி போண்டா தின்னுகிட்டு ஒக்காந்திருக்கான். கூட்டிகிட்டுப் போ."

எனக்குப் போண்டா இறங்கவில்லை. ஆனாலும் இறக்கினேன்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலையில் சிலம்பரசனின் ஊரான புவனகிரியில், பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்தது. பதினைந்து அடி. நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட சிலம்பரசன். பின்னால் ஸ்பெயினைக் குறிக்க ஒரு காளை. டிசைன் செய்தவரிடம் இருந்தது ஜல்லிக்கட்டுப் படம்தான் என்பதால் அதன் நெற்றியில் சந்தனமும் கழுத்தில் மாலையும். "ஸ்பெயின் நாட்டு வேலையைத் தட்டித் தூக்கிய எங்கள் குலவிளக்கே!" கீழ் வரிசையில் தபால்தலை அளவில் பதினோரு முகங்கள். மூன்றாவது நான். என்னை யாரும் கேட்கவில்லை.

கட்டியவர் கலியமூர்த்தி, சிலம்பரசனின் தாய்மாமா. செய்தி கேட்டு நாங்கள் ஓடியபோது கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் இன்னும் பரிச்சயே எழுதல!"

"எழுதப் போறல்ல? மேலத்தெருக் கல்யாண ஃப்ளெக்ஸக் கழட்டிட்டானுங்க, சாரம் சும்மா நிக்குது. நாளைக்கி அதையும் அவுத்துடுவானுங்க. நீ ஜெயிச்சப்பறம் கட்டணும்னா மூங்கிலுக்கு நான் எங்கடா போவேன்?"

"ஜெயிக்கலன்னா?"

கலியமூர்த்தி மாமா கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இந்தியாவுலயே நீ ஒருத்தன்தான்னு சொன்ன? டீக்கடைல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இப்ப என்னா, ரெண்டு பேரா?"

"ஒருத்தன்தான் மாமா."

"அப்பறம் என்னா? போய்ப் படி."

தோற்றால் சிலம்பரசன் அந்த பஸ் ஸ்டாண்டில் இனி இறங்க முடியாது. வேறு வழியாக வீட்டுக்குப் போகவும் முடியாது. நான் சிதம்பரத்துக்காரன், அங்கே இறங்கும் தேவை எனக்கில்லை. ஃப்ளெக்ஸைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸப் குரூப்பில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் ஜெயராணியின் டப்பாவைத் திறந்து பார்த்த கண்காணிப்பாளர், உள்ளே கொண்டு போகக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார். முந்தைய நாளிலிருந்து சிரிக்காத சிலம்பரசன் அப்போதுதான் சிரித்தான்.

"அய்யய்யோ, பொம்மைய புடுங்கிட்டாங்களா? அழுவாத. பக்கத்துல கடை இருக்கு, கிலுகிலுப்பை வாங்கித் தரட்டுமா?"

"நீ மொதல்ல புவனகிரிக்குப் போன் போடு. காக்கா எச்சம் போடறதுக்குள்ள அந்த மூஞ்சிய எறக்கச் சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். நான் செம்மண்டலத்து வானத்தைப் பார்த்தேன்.

உள்ளே ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள், கிறுக்கிப் பார்க்க. ஜெயராணி கையைத் தூக்கினாள். "இதக் கிழிக்கலாமா சார்?" "ரஃப் ஷீட்டுதாம்மா, என்னா வேணா பண்ணிக்க." அவள் உட்கார்ந்து, மடித்து, நகத்தால் கீறிக் கிழிக்கத் தொடங்கினாள்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் சிலம்பரசன். நான் ஐந்தாவது வார்த்தையிலேயே நின்றுவிட்டதால் வேடிக்கை பார்க்க நேரம் ஜாஸ்தி இருந்தது. அவனுடைய வெள்ளைத் தாளில் ஒரு மடிப்புகூட இல்லை. தாடையைத் தூக்கிக் கண்ணை மூடுவான், திறப்பான், தட்டுவான். GAUA வந்தது, AGUA என்று அடித்தான், தண்ணீர். BOLIR வந்தது, LIBRO, புத்தகம். எட்டு நிமிடத்தில் பதினொன்று முடிந்தது. சொன்னதைச் செய்துவிடுவானோ என்று எனக்கே கொஞ்சம் பயம் வந்தது.

பன்னிரண்டாவதாக OHAZIRANA வந்தது.

ZANAHORIA, கேரட். ஸ்ரீதர் சாரின் பட்டியலில் இருநூற்றுப் பதினான்காவது வார்த்தை. அது அவனுக்குத் தெரியும்; தெரியும் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கண்ணை மூடினான். Z முன்னால் வந்தது. பின்னால் ஓர் A. அதில் மூன்று A இருந்தது. மூன்றாவதை உட்கார வைப்பதற்குள் முதலாவது எழுந்து போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. உதடு அசைந்தது. ஒரு முறை தட்டினான், தப்பு என்று சிவப்பு எரிந்தது. இன்னொரு முறை, இன்னொரு சிவப்பு. ஏழு நிமிடம் போயிருந்தது.

மூன்றாவது வரிசையில் ஜெயராணியின் தாள் துண்டுகள் மேசைமேல் உரசும் மெல்லிய சத்தம். பிறகு என்டர் பட்டனில் ஒரு 'டக்'. மறுபடி உரசல், மறுபடி 'டக்'. நிமிடத்துக்கு ஒன்று, பிசகாமல். சிலம்பரசன் ஒவ்வொரு 'டக்'குக்கும் விரல் மடக்கினான்.

பதினைந்து நிமிடம் மீதி இருந்தபோது அவனுடைய வெள்ளைத் தாள் மேசையிலிருந்து காணாமல் போனது. பார்த்தால் மடியில் இருந்தது. இருமினான். இருமலுக்கு அடியில் தாள் கிழியும் சத்தம் கேட்டது. மறுபடி இருமினான்.

"தண்ணி வேணுமா தம்பி?" என்றார் கண்காணிப்பாளர்.

"வேணாம் சார். தூசு."

எட்டு முறை இருமினான். ஒன்பது துண்டுகள். சட்டைப்பையைத் தடவினான், பேனா கொண்டு வரவில்லை. என் பக்கம் திரும்பாமல், மேசைக்கு அடியில் உள்ளங்கையை நீட்டினான். என் பேனாவை வைத்தேன். இடது கையை வேலி மாதிரி வளைத்து வைத்து, அதற்குப் பின்னால் துண்டுக்கு ஓர் எழுத்தாக எழுதி, Z-ஐ ஒரு விரலால் முன்னால் தள்ளினான்.