கொப்பரை மூடியும் மிர்வலியின் மாத்திரையும்

அந்த வியாழக்கிழமை மதியம் தேநீர்க்கடையின் உள்ளறையில் இருந்தவர்கள்: புலாவ் கொப்பரைக்குக் காவல் நின்ற சோகிர், பல் வைத்தியன் நுர்மத், கடைக்காரர் ஹம்தம் அகா, கோகந்திலிருந்து கணவாய் வழியாகத் தாஷ்கந்துக்கு வாடகைக் கார் ஓட்டும் மிர்வலி. வராதவன் எர்காஷ்.

ஹம்தம் அகாவைத் தவிர மற்றவர்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வாரம் ஒருவர் சமைப்பார்கள். சட்டம் ஒன்றுதான்: கடைசி ஆள் வந்து உட்காரும்வரை கொப்பரையின் மூடியைத் திறக்கக்கூடாது.

மிர்வலிக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்து மூன்று மாதம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு ஒரு மாத்திரை.

"நல்லா கட்டுக்குள்ள இருக்கு. ஆனா ஒரு தடவ மயங்கி விழுந்தீங்கன்னாலும் வண்டி ஓட்டக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். திங்கட்கிழமை கையெழுத்து நாள். மிர்வலிக்கு வேறு தொழில் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

சோகிர் அரிசியைக் கொட்டி மூடியதும் மிர்வலி மாத்திரையை விழுங்கினான். அரை மணியில் சோறு வெந்துவிடும்; கணக்கு சரி. எர்காஷை அதில் சேர்க்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் போனது.

"எங்கடா தொலைஞ்சான்?"

"முலாம்பழம் வாங்குறானாம்."

"விதை போட்டு, காய்ச்சப்புறம்தான் வருவான்."

மிர்வலி சிரிக்கவில்லை. பிடரி வியர்வையில் நனைந்தது. விரல்கள் நடுங்கித் தேநீர் முழங்காலில் சிந்தியது. எதிரே கற்கண்டுத் தட்டு. மூன்று மாதமாக அதைத் தள்ளிவைத்துப் பீற்றிக்கொண்டவன் அவன்தான். வாயைத் திறந்தால் ஒரு வருஷத்துக்குக் கேலி. திறக்காவிட்டால் தொழில் போச்சு.

"சோகிர், அந்தக் கற்கண்ட இப்படித் தள்ளு."

"பாருடா, நம்ம தர்வேஷு சாமியாரு விரதம் முடிக்கிறாரு!"

"சர்க்கரை இறங்கிருச்சுடா மடையா. தள்ளு."

அவன் முகத்தைப் பார்த்த நுர்மத் சிரிப்பை நிறுத்தினான். கத்திப் பிடியால் கற்கண்டை நொறுக்கித் தேநீரில் கலக்கிக் கொடுத்தான். கால் மணி நேரத்தில் மிர்வலியின் கைகள் அவன் சொன்னபடி கேட்டன.

"இப்ப மூடியத் திற."

"எர்காஷ் வரலையேடா. சட்டம்..."

"சட்டத்துக்குச் சர்க்கரை வியாதி இல்ல. எனக்கு இருக்கு. திற."

திறந்தார்கள். எர்காஷுக்கு அடிச்சோறு மிஞ்சியது.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். "விழறதுக்கு முன்னாடியே சுதாரிச்சீங்க, அது போதும்" என்றார் அவர். "இனி தட்டு கைக்கு வந்தப்புறம்தான் மாத்திரை. கார்ல எப்பவும் கற்கண்டு இருக்கணும்." அரை மணிக் கணக்கை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வியாழன் மிர்வலியின் முறை. புதுச் சட்டமும் அவனுடையது: இரண்டு மணிக்கு மூடி திறக்கும், கதவைப் பூட்டிவிடுவார்கள், வெளியே நிற்பவன் வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

இரண்டு அடிக்கும்போது முற்றத்தில் செருப்புச் சத்தம்.

"அகா, பூட்டிராதீங்க! பழம் கனமா இருக்கு!"

"பழத்த வெளிய வச்சிட்டு வாடா, கழுதை!"

எர்காஷ் முலாம்பழத்தோடு உள்ளே விழுந்தான். ஹம்தம் அகா அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.