நடுக்கம்பி சும்மா நிற்கிறது

அக்கா, பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டே பேசுகிறேன், போன் எழுதிக்கொண்டே வருகிறது. கம்பி என்று சொன்னால் பாதி நேரம் தம்பி என்று எழுதும். திருத்தப் பொறுமை இல்லை, நீயே மாற்றிப் படித்துக்கொள். அத்தானுக்குப் படித்துக் காட்டும்போது மட்டும் சிரிக்காதே.

வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று நேற்றிலிருந்து நாலு முறை கேட்டுவிட்டாய். ஒரு வரியில் சொல்ல வரவில்லை.

மூன்று மாத சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. நிரந்தரமாக்கினால்தான் நான் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதியும் நீளும். நேற்று மத்தியானம் ஃபோர்மேன் கூப்பிட்டார். பட்டறைக் கூரைக்குக் கீழே புதுக் காற்றுக் குழாய் போகப் போகிறது, வழியில் ஒரு கம்பி மறிக்கிறது, அதை அறுத்து எடுக்கலாமா என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடு என்றார்.

கூரையைத் தாங்குவது ஓர் இரும்புச் சட்டம். ட்ரஸ் என்பார்கள். கூடாரம் மாதிரி இரண்டு சாய்வுக் கம்பிகள். அவை கால் பரப்பிவிடாமல் பிடித்துக்கொள்ளக் கீழே ஒரு நீளக் கம்பி. உச்சியிலிருந்து அந்த நீளக் கம்பியின் நடுவுக்கு நேராக இறங்கும் இன்னொன்று. குழாயை மறிப்பது அந்த நடுக்கம்பிதான்.

கணக்கு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. கம்பிகள் சேரும் ஒவ்வொரு முடிச்சிலும் இந்தப் பக்கம் இழுப்பதும் அந்தப் பக்கம் இழுப்பதும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். கீழ் முடிச்சில் நீளக் கம்பி இடமும் வலமுமாகத்தான் இழுக்கிறது. கீழ்நோக்கி இழுக்க அங்கே எதுவும் இல்லை. அப்படியென்றால் நடுக்கம்பிக்கு மேல்நோக்கி இழுக்கும் வேலையும் இல்லை. விடை பூஜ்யம். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பூஜ்யம் என்றால் என்னவென்று ஃபோர்மேன் கேட்டார். சும்மா நிற்கிறது சார் என்றேன். எப்போது போன் பண்ணினாலும் "சும்மாதான் இருக்கேன்" என்கிறேன் என்று என்னைச் சும்மா என்றே கூப்பிடுவீர்களே, அதே சும்மா. அவருக்கு ஒரே சந்தோஷம். காலை ஏழு மணிக்கு வெல்டர் அறுத்துவிடுவார், உன் விஷயத்தையும் நாளைக்கே பேசிவிடலாம் என்று முதுகில் தட்டினார்.

நேற்று சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லார் கையும் உராய்ந்து அந்த இடத்தில் பெயிண்ட் போய்ப் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது. பட்டறையிலும் கீழ் முடிச்சில் அப்படி ஒரு பளபளப்பைப் பார்த்தேனே. சும்மா நிற்கும் இடம் எப்படித் தேயும்? அங்கே எதையோ மாட்டி இழுத்திருக்கிறார்கள்.

ஃபோர்மேனுக்குப் பதினொரு தடவை போன் பண்ணினேன். அணைத்து வைத்திருந்தார். அறையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், பஸ் டிக்கெட் பின்னால் கணக்கை மறுபடி போட்டேன். மறுபடியும் பூஜ்யம்தான். கணக்கில் பிசகு இல்லை என்பதுதான் இன்னும் பயமாக இருந்தது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி ஓடினேன். நிரந்தரமாகப் போகிற நாளில், நேற்றுப் போட்ட கையெழுத்து தப்பு என்று நானே போய்ச் சொல்வதா என்று பாதி வழியில் கால் தயங்கியது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

வெல்டர் சாரத்தில் ஏறி, கட்டரைப் பற்றவைத்துவிட்டார்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. இந்த முடிச்சு ஏன் தேஞ்சிருக்கு?"

"செயின் பிளாக் மாட்டுற இடம்ப்பா. பெரிய மோட்டார் மக்கர் பண்ணுனா இதுலதான் தூக்குவோம். வருஷத்துக்கு ரெண்டு தடவ. நானூறு கிலோ இருக்கும்."

செயின் பிளாக் இருந்தால் ஒரே ஆள் சங்கிலியை இழுத்து அந்த மோட்டாரைத் தூக்கிவிடலாம். இழுப்பவருக்குத்தான் லேசு. மாட்டியிருக்கும் இடத்தில் நானூறு கிலோவும், அதோடு அவர் இழுக்கும் இழுப்பும் சேர்ந்து தொங்கும். நடுக்கம்பி இருந்தால் அது அந்தப் பாரத்தை உச்சிக்குக் கொண்டுபோய், சாய்வுகள் வழியாகச் சுவரில் இறக்கிவிடும். இல்லாவிட்டால் நீளக் கம்பி, ஈரப் போர்வை போட்ட கொடி மாதிரி தொய்ந்துவிடும். கீழே ஆள் நிற்பார்கள், அக்கா. இந்த வெல்டரே நிற்பார்.

கட்டரை அணைக்கச் சொன்னேன். மூன்று மாதமாக வாயே திறக்காதவனுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று முனகிக்கொண்டே அணைத்தார். அதற்குள் ஃபோர்மேன் வந்துவிட்டார்.

"நேத்து சும்மான்ன. இன்னிக்கு இல்லங்கிற. நான் எதப்பா நம்புறது?"

அங்கே மோட்டாரைத் தூக்குவீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நேத்து எழுதுனது தப்பு சார். எதுவும் தொங்காதப்பதான் அது சும்மா. மோட்டாரத் தூக்குறப்ப மொத்தமும் அதுலதான். அங்க என்ன மாட்டுவீங்கன்னு நான் கேக்கவே இல்ல."

அவர் உள்ளே போய் நேற்றைய தாளை எடுத்து வந்தார். நான் புதுத் தாள் ஒன்றை உருவினேன்.

"அது வேணாம். இதுக்குக் கீழயே எழுது."

எழுதினேன். மேலே தப்பு, கீழே சரி, இரண்டுக்கும் என் கையெழுத்து. இரண்டாவது கையெழுத்து கோணலாக வந்தது. குழாயை வளைத்துக் கொண்டுபோக முடிவானது. அதைச் சொல்லிவிட்டுப் போனவர் நாள் முழுக்க என் பக்கம் வரவே இல்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் மூன்று தடவை அவர் அறையை எட்டிப் பார்த்தேன். சாயங்காலம் கிளம்பும்போதுதான் கூப்பிட்டார்.

"இன்னும் ஒரு மாசம் பாக்கலாம். அடுத்த தடவ ஏணி போட்டு ஏறிப் பாத்துட்டு அப்புறம் கணக்குப் போடு."

அனுமதியும் அந்த ஒரு மாசத்துக்குத்தான் நீளும். இது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவிடம் நிரந்தரமாகிவிட்டது என்று சொல்லிவிடாதே, ஒரு மாசம் தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் சொல். அழ ஆரம்பித்தால் போனை அத்தானிடம் கொடு.

வெல்டர் போகும்போது சாக்பீஸால் அந்தத் தம்பிமேல் "அறுக்காதே" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போனார். அழிந்துவிடும். நாளைக்குப் பெயிண்ட் கொண்டுபோக வேண்டும். பஸ் வருகிறது, வைக்கிறேன்.